துப்புரவாக்கிய படமும் எங்கள் கெசட்டும்

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது, மருமகன் ஒரு டிவிடி கொண்டுவந்திருந்தார். வெள்ளைக்காரரின் பழைய யுத்தப் படம். இளவயதில் மன்னாரில் பார்த்ததுதான். அன்று திரை முழுக்க மழை பெய்வதுபோலக் கீறல். இப்போதோ கப்பலில் நிற்கும் சிப்பாயின் வியர்வைகூடத் தெரிந்தது.

"படம் ஹராமெண்டு ஊருக்கே சொல்ற மனிசன், பாருங்க, முன் கதிரையில!" என்று மனைவி சிரித்தாள்.

படம் முடிந்த பின், பழைய றீலைத் துப்புரவாக்கிய விதத்தையும் அதே டிவிடியில் காட்டினார்கள். திரையின் ஒரு பாதியில் கீறல் விழுந்த முகம், மறுபாதியில் அதே முகம் பளிச்சென்று. மனைவியின் சிரிப்பு நின்றது.

"இஞ்ச, அப்ப நம்மட கெசட்டையும் இப்பிடிச் செய்யலாந்தானே?"

அந்தக் கெசட் எங்கள் மூத்த மகனின் சுன்னத்துக் கலியாண வீடியோ. சுவரில் படம் மாட்டாத வீடு எங்களுடையது. அவன் முகம் அதில் மட்டும்தான் இருந்தது. வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய தொண்ணூறில், ஊரைவிட்டு வள்ளத்தில் வந்தபோது அது கடல்நீரில் ஊறிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்ட எதையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைப்பது எங்கள் பழக்கம். நானும் நாடாவை உருவி, கிணற்று நீரில் அலசி, வலையைப்போல வேலியில் விரித்தேன். நாங்கள் வந்து தங்கிய புத்தளத்துத் தில்லையடி வெயிலில் அது சுருண்டு முறுகிப்போனது. அடுத்த மாதம் காய்ச்சலில் பிள்ளையும் மௌத்தாகிவிட்டான். மனைவி ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பாரம் குறைந்திருக்கும். அந்த நாடாவை அலுமாரிக்குள் சேலையில் சுற்றி வைத்திருந்தாள்.

மறுநாள் இருவரும் புத்தளம் டவுனில் ஒரு வீடியோ கடைக்குப் போனோம். கடைக்காரர் நாடாவை விரலால் தடவிப் பார்த்தார்.

"அந்தப் படத்துக்கு மூல றீல் பத்திரமா இருந்திருக்கும், நானா. அழுக்க எடுத்திருப்பாங்க. இதுல பதிஞ்சதே அழிஞ்சுபோச்சு, எடுக்கிறதுக்கு ஒண்டுமே மிச்சமில்ல."

"முகம் வராட்டியும் பரவாயில்ல தம்பி," என்றாள் மனைவி. "சத்தமாவது வருமா?"

அவர் நாடாவைத் திரும்பவும் சேலையில் சுற்றி அவளிடம் நீட்டினார்.

மனைவி ஒரு முழம் நாடாவை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள். றீல் படத்தில் தெரிவதுபோல வீடியோ நாடாவில் உருவம் தெரியாது என்பது எனக்குத் தெரியும். 'யா அல்லாஹ், இவளுக்குப் பொறுமையைக் கொடு' என்று மனதுக்குள் கேட்டேன். அதற்கு மேல் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க," என்றாள்.

நான் தள்ளி நின்றேன்.