ஏழு நிமிடம் முன்பே போட்ட ஊசி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியின் சீருடைக்கு இஸ்திரி போடுவது அவர் பொறுப்பு. கல்யாணமான புதிதில் வாய்தவறி ஒப்புக்கொண்டது, பதினெட்டு வருடமாகத் தொடர்கிறது. ஆஸ்பத்திரியில் அவருக்கு 'சர்வர் சார்' என்று பெயர். கீழ்த்தளத்தில், பற்கள் தந்தியடிக்கும் ஏசி அறையில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர். மனைவி அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடி நர்ஸ்.

போன வாரம் வார்டு சர்வரை அப்கிரேடு செய்து, 'முழு வெற்றி' என்று அறிக்கை அனுப்பினார். மேலதிகாரி கைகுலுக்கினார். ஒரே ஒரு சின்ன விஷயம்: மணி என்னவென்று யாரைக் கேட்க வேண்டும் என்கிற வரி அந்த அப்கிரேடில் அழிந்துபோயிருந்தது. கேட்க ஆளில்லாத சர்வர், தனக்குள் கிடந்த பழைய பேட்டரிக் கடிகாரத்தை நம்பி, பதினோரு நிமிடம் பிந்தி ஓடியது. சர்வர் சார் சும்மா இருக்கவில்லை. கேபிளைச் சந்தேகப்பட்டார், நெட்வொர்க் ஆட்களைத் திட்டினார், மூன்று தடவை அணைத்து அணைத்துப் போட்டார். வெள்ளிக்கிழமைதான் அந்த வரி கண்ணில் பட்டது. சேர்த்தார். வெற்றி என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டதால், இதையும் சொல்லி யாரையும் சிரமப்படுத்தவில்லை.

இந்த ஞாயிறும் அவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, டூட்டி முடிந்து வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல், ஆஸ்பத்திரி கொடுத்த மெமோவை வாசித்தாள். "வியாழக்கிழமை டாக்டர் அவர் ரூம் கம்ப்யூட்டர்ல மருந்து எழுதியது பத்து அஞ்சு. வார்டு கம்ப்யூட்டர் கணக்குல நான் ஊசி போட்டது ஒன்பது அம்பத்தெட்டு. நாளைக்குக் காலைல விளக்கம் தரலைன்னா சஸ்பென்ஷன். டாக்டர் என்ன எழுதப்போறார்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சிடுதாம். எவ்வளவு பெரிய மனுஷியைக் கட்டியிருக்கீங்க பாருங்க!"

"அது... சர்வர் டைம் லேசா விலகியிருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன்."

"மெஷினைச் சரி பண்ணிட்டீங்க. மெமோவை?"

"விவரமா சொல்லு. புரிஞ்சுக்குவாங்க."

"நான் சொன்னா சாக்கு. நீங்க சொன்னா ரிப்போர்ட். ரெண்டு வரி எழுதித் தாங்க."

"தரலாம்தான். புதன்கிழமை பிரமோஷன் லிஸ்ட் வருது. அதுவரைக்கும் கொஞ்சம்..."

"அதுவரைக்கும் நான் வீட்ல உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கவா?"

அவர் காலரைத் தேய்த்தார். பதினெட்டு வருடத்தில் காலர் இவ்வளவு அழகாக வந்ததில்லை.

மெமோவையும் பேனாவையும் மேசை ஓரத்தில் வைத்தாள்.

"ஏங்க, நாளைக்கு எனக்கு இந்த யூனிஃபார்ம் வேணுமா, வேணாமா?"

ஏற்கெனவே மடிப்பு விழுந்த கைப்பகுதியை மறுபடி விரித்து, தண்ணீர் தெளித்து, அழுத்தித் தேய்த்தார். இஸ்திரிப்பெட்டி உஸ்ஸென்றது. அதுவாவது பேசுகிறதே என்பதுபோல் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அறையைவிட்டு வெளியே போனாள்.