சுகுமாரனின் தும்மல்

இன்று அத்தம். ஓணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். காலையில், எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் சுகுமாரன் ஏதோ எழுதியிருந்தான். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அழித்தும் விட்டான். 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் கிடந்தது. அடுக்களையில் மருமகள் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த நெடி ஏறியதும் என்ன எழுதியிருப்பான் என்று எனக்கு ஓர் ஊகம் வந்தது.

அப்பாவுக்கு இந்த ஊர் ஆரியசாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்தக் கடை. கடைக்கு மேலேயே வீடு. எந்தச் சோப்புப் போட்டாலும் என் சட்டையிலிருந்து அந்த நெடி போகாது. வேலையில் சேர்ந்த முதல் வாரமே, அடுத்த மேசைச் சுகுமாரன் என்னைக் கண்டதும் மூன்று முறை பலமாகத் தும்மி, "பாண்டி வந்நு" என்று அறிவித்தான். தமிழரை இங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர் அது. நான் இந்த ஊரிலேயே பிறந்தவன் என்பதெல்லாம் கணக்கில் வராது. பாண்டி குளிக்க மாட்டான் என்பது கூடவே வரும் நம்பிக்கை.

"எடா பாண்டி, இன்னு குளிச்சோ?"

"தினம் ரெண்டு நேரம் குளிக்கற உனக்கு மட்டும் எங்க இருந்துல இவ்வளவு அழுக்கு வருது?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். எங்கள் நட்பு அப்படித்தான் தொடங்கியது.

பிறகு ஓணந்தோறும் அலுவலகத்தில் இருவரும் நாடகம் போட்டோம். அவன் கண்மையால் மீசை வரைந்து, மிளகாய் மாலை போட்டு, தண்ணீரைக் கண்டு ஓடும் பாண்டியாக வருவான். நான் தலையில் எண்ணெய் வழிய, அக்குளில் குடையோடு மலையாளியாக வருவேன். வீடு தீப்பிடித்தால் முதலில் கமிட்டி கூட்டி, தீயைக் கண்டித்துத் தீர்மானம் போட்டபின் தண்ணீர் தேடுகிற ஆள். இப்போது எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. முன்வரிசையில் அதிகமாகச் சிரிப்பவள் செல்வி. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து பியூனாகச் சேர்ந்தவள். அலுவலகத்தில் என்னோடு தமிழ் பேச இருந்த ஒரே ஆள்.

ஒரு வருஷம் எனக்கு அம்மை போட்டிருந்தது. சுகுமாரன் தனியாகவே நடித்தான். பாண்டி வந்தான், ஓடினான், எல்லாரும் சிரித்தார்கள். குடைக்காரன் வரவில்லை.

நான் திரும்பி வந்த அன்று செல்வி மலையாளத்தில் நலம் விசாரித்தாள். "என்ன புதுசா?" என்றேன். மேசையைத் துடைத்து முடித்தாள். பிறகு சொன்னாள். நாடகம் முடிந்து பந்தி. அவள் சோற்று வாளியோடு பரிமாற நின்றபோது, இலை முன் உட்கார்ந்திருந்த யாரோ, "செல்வி, குளிச்சோ?" என்றார்களாம். வரிசை முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரித்துவிட்டு வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களா இருந்தா திருப்பி ஒண்ணு சொல்லியிருப்பீங்க சார். நான் சொன்னா யாரு சிரிப்பா?"

அவள் என்னோடு பேசிய கடைசித் தமிழ் அது. பிறகு எப்போதும் மலையாளம்தான். மகளையும் அப்படியே வளர்த்தாள்.

சுகுமாரனிடம் சொன்னேன். அவன் உடனே எழுந்தான். செல்வியிடம் போய் மன்னிப்புக் கேட்டான். "அதொக்கெ எந்தினா சாரே" என்று, அதெல்லாம் எதற்கு என்பதுபோல, அவள் டீ வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறு ஓணத்துக்கு நாடகம் இல்லை. பாண்டி என்ற சொல்லை அவன் அதன் பிறகு வாயிலெடுக்கவில்லை, என்னிடமும். அவன் செய்தது சரி, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. எந்த ஓணத்துக்கு மழை பெய்தது என்றெல்லாம் சொல்லக்கூடிய தேதிப் பைத்தியம் நான். எந்த நாளிலிருந்து அவனுக்கு நான் 'சார்' ஆனேன் என்பது மட்டும் நினைவில்லை.

அப்பாவின் கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் உறை விற்கிறார்கள். என் சட்டையில் எந்த வாசனையும் இல்லை.

இன்று காலை அவனைப் போனில் கூப்பிட்டேன்.

"என்னடா போட்டே, அழிச்சே?"

"ஒண்ணுமில்ல சாரே. பழைய ஒரு தமாஷ்."

"சொல்லேன், கேக்கறேன்."

"வேண்டா சாரே. ஆராவது தப்பா எடுத்தாலோ."

போனை வாயருகே வைத்து நான் மூன்று முறை பலமாகத் தும்மினேன்.

"ஜலதோஷமா சாரே?" என்றான் கவலையாக. "சூடுவெள்ளம் குடிக்கணும், கேட்டோ."