படிவத்தில் இல்லாத காரணம்

எனக்கு பஸ் ஆகாது. கொல்லிமலையில் பிறந்தவளுக்கு இதைவிடக் கேவலம் வேறில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பத்தைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவேன். கல்லூரியில் படித்தபோது விடுதியில் இருந்ததால் மாதம் ஒருமுறைதான் இந்த அவதி. படிப்பு முடிந்து நாமக்கல்லில் ஓர் ஆபீசில் வேலை கிடைத்ததும் நிலைமை மாறியது. வாடகை கொடுத்துத் தங்கக் கட்டுப்படியாகாது. தினமும் இறங்கி ஏற வேண்டும்.

எங்கள் ஊரிலிருந்து ஆபீஸ் வேலைக்குப் போன முதல் பெண் நான். தேவனூர் நாட்டு மலைக் கிராமங்களில் அம்மா இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. பன்னிரண்டு நாள் போனேன். பதின்மூன்றாம் நாள் சேந்தமங்கலத்தில் இறங்கி நாமக்கல் பஸ்ஸில் ஏறப் போனேன், கால் எழவில்லை. அடுத்த மலை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன். அதிலும் வாந்திதான்.

வாந்திக்குப் பயந்து வேலையை விட்டேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வேலைய உட்டுட்டேம்மா. சொந்தமா தொழில் பண்ணப் போறேன்" என்று கூசாமல் புளுகினேன்.

"என்ன தொழில் கண்ணு?"

வாயில் வந்தது சாமை உருண்டை. வாசலூர்பட்டி படகுத்துறைக்கு வரும் சுற்றுலாக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அளந்துவிட்டேன். நாலு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலமே அம்மா, உருண்டைக்கு மாவிடிக்க விதைச் சாமைக் கூடையை இறக்கினாள். சாப்பாட்டுச் சாமை தீர்ந்திருந்த மாதம் அது. எங்கள் பக்கம் பட்டினி கிடந்தாலும் விதையைக் குத்த மாட்டார்கள். அப்பா பார்த்துவிட்டு வெளியே போனார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. விதை உரலில் விழுந்த பிறகு தொழில் செய்யாமல் தப்பிக்க வழியும் இல்லை.

அந்த வருஷம் விதைப்புக்கு அப்பா மாமா வீட்டில் போய் விதை கேட்டு நின்றார். நான் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்தேன். முதலில் பிடித்தது உதிர்ந்தது. அடுத்தது பல்லை உடைத்தது. மூன்று மாதம் கழித்துத்தான் படகுத்துறைக் கடைகளில் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

இந்த வருஷம் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு மேடம் படிவத்தோடு வந்தார். படித்த பிள்ளைகள் எதனால் தொழில் தொடங்குகிறார்கள் என்று ஆராய்ச்சி. சுதந்திரம், வருமானம், ஊருக்கு நல்லது செய்யும் ஆசை என்று வரிசையாகக் கட்டங்கள். ஊருக்கு நல்லது செய்யும் கட்டத்தில் டிக் போடப் போனேன்.

மாவு சலித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே மேடத்திடம் சொன்னாள். "பஸ்ஸுல வாந்தி வருதுன்னுதானுங்க வேலைய உட்டுட்டு வந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத் தொழில்னுச்சு. துப்பட்டாவுல வாந்திக் கறையப் பாத்தாத் தெரியாதுங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரிஞ்சுமா விதைச் சாமையக் குத்துன?"

"உங்கப்பனுக்கும் தெரியும் சாமி. மறுநாளும் உன்னைய அந்த பஸ்ஸுல ஏத்தியுட எங்களுக்கு மனசு வரல."