பாட்டே வாசிக்காத ரத்னா அக்கா

அந்த ஞாயிறு மதியம் இரண்டரை ஆகியும் ரத்னா அக்கா வரவில்லை. "ஓவர்டைம் போட்டிருப்பாங்கடா" என்று சந்துரு கிடாரின் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பட்டறையின் பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தது, விடுதியில் அக்காவின் அறைத்தோழி. கையில், அக்கா வாயால் ஊதிக் கட்டையை அழுத்தி வாசிக்கும் மெலோடிகா இருந்த பை.

"புதன்கிழமையே போயிட்டாங்க. காய்ச்சல்னுதான் ஆஸ்பத்திரி போனாங்க. ஊர்லருந்து வந்து உடம்ப எடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்க நம்பர் யாருக்கும் தெரியல."

எங்களோடு வாசிக்கப் பட்டறைக்கு வந்துபோன உங்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்கு இருபத்தாறு வயது. கம்பெனியில் பாகங்களின் தரம் பார்க்கிற வேலை. எங்களை மட்டும் தரம் பார்த்ததே இல்லை. கல்யாணக் கோஷ்டி, கோயில் கோஷ்டி, சர்ச் கோஷ்டி என்று ஓசூரில் தனித்தனியாகத் திரிந்தவர்களை, ஞாயிறன்று மூடிக்கிடக்கும் லேத் பட்டறையில் வட்டமாக உட்காரவைத்தது அவர்தான். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி டெம்போ ஓட்டும் நாகராஜண்ணன் நாதஸ்வரம். சந்துரு கிடார். நான் பம்பை. பாட்டு கிடையாது, ஒத்திகை கிடையாது. ஒருவர் வாசிப்பதற்கு இன்னொருவர் பதில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தெரிஞ்சத வாசிக்க நீ ஒருத்தன் போதும். தெரியாதத வாசிக்கத்தான் பக்கத்துல ஆள் வேணும்" என்பார். ரெக்கார்டு செய்யவும் விடமாட்டார்: "அடுத்த வாரம் அதையே வாசிப்பீங்க." குழுவுக்குப் பெயரும் வைக்கவில்லை. பெயரே இல்லாததால் நம் பெயர் கெட வழியில்லை என்று நான் பீற்றிக்கொள்வேன்.

ஒருமுறை, லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கும் மியூசிக்கைப் போனில் போட்டு, நாகராஜண்ணனின் பைக்குள் ஒளித்துவைத்தேன். நடு வாசிப்பில் அது அலறியது. அண்ணன் என்னை அடிக்கவே எழுந்துவிட்டார். அக்கா மட்டும் கண்ணைத் திறக்காமல் அதற்கும் பதில் ஊதினார். பத்து நிமிடம், போனும் அவரும். முடிந்ததும் சொன்னார்: "உன் போனு நல்லா வாசிக்குதுடா. அடுத்த வாரம் அத அனுப்பு, நீ வீட்ல இரு."

அவர் மூச்சை இழுக்கும் விதத்திலேயே அடுத்து என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும். அவர் அப்பாவின் பெயர் தெரியாது. அறைத்தோழியிடம் வழி கேட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு டெம்போவில் அஞ்செட்டியைத் தாண்டி அக்காவின் ஊருக்குப் போனோம்.

"கம்பெனி ஆளுங்களாப்பா?" என்றார் அவர் அப்பா.

"இல்லீங்கய்யா. ஞாயித்துக்கெழம அக்காவோட வாசிக்கிறவங்க."

மெலோடிகாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் ஊதுவாள் என்பதே அவருக்குத் தெரியாது. "ஞாயித்துக்கெழம ஊருக்கு வாம்மான்னா, வேல இருக்குதுன்னுடுவா. இதுதானா அந்த வேல? அவ வாசிக்கிற பாட்டு ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க சாமி."

இரண்டு வருட ஞாயிறுகளில் ஒன்றைக்கூட நாங்கள் மறுபடி வாசித்ததில்லை. அவருக்குக் கொடுக்க ஒரு வரி மெட்டுகூட இல்லை. வெறுங்கையோடு திரும்பினால், ஊருக்கு வராத அத்தனை ஞாயிறும் மகள் சொன்ன பொய்யாகவே அவருக்குத் தங்கிவிடும்.

"பாட்டுன்னு எதுவும் இல்லீங்கய்யா" என்று இழுத்த நாகராஜண்ணன், பிறகு நாதஸ்வரத்தை எடுத்தார். சந்துரு சேர்ந்தான். நானும் அடித்தேன். கொஞ்ச நேரத்தில், யாரும் சொல்லாமலேயே, மூவரும் ஒரே இடத்தில் நிறுத்தினோம். அக்கா பதில் சொல்லும் இடம் அது. மறுபடி தொடங்கினோம், மறுபடி நிறுத்தினோம். மூன்றாவது முறை அவர் அப்பா தலையை நிமிர்த்தினார்.

"இங்கதான் அவ ஊதுவாளா?"

"ஆமாங்கய்யா."

"சரி. வாசிங்க."

இப்போதும் ஞாயிறு மதியம் பட்டறையில் நாங்கள் மூவரும் உட்காருகிறோம். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் நான், அக்காவிடமிருந்து எடுத்துவைத்துக்கொண்டது அந்த இடத்தை மட்டும்தான். அது வரும்போது குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்கிறேன். ஒன்றும் வருவதில்லை. அதற்குப் பிறகுதான் அடிக்கிறேன்.