முப்பது போதும்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முப்பது என்றுதான் கூப்பிடுவோம். "முப்பது சார் வர்றாரு, நிமிர்ந்து உக்காருங்கடி" என்று முதல் வரிசையில் ஒருத்தி குரல் கொடுத்தால் கடைசி வரிசை வரைக்கும் சிரிப்பு ஓடும். அந்தப் பெயரை வைத்தவள் நான். வைக்க எனக்கு உரிமையும் இருந்தது. அவர் என் அக்காவின் கணவர்.

குடிநீர் இணைப்புக்கு விண்ணப்பம் வாங்குகிற அலுவலகம் அது. அறுபத்திரண்டு கணினிகள். அத்தனையையும் பராமரிப்பது அத்தானின் வேலை. பழுது பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஆனால் கடையில் பளிச்சென்று தெரிவதற்காக மானிட்டர்களை முழு வெளிச்சத்தில் வைத்து அனுப்புகிறார்கள், அதை அப்படியே எட்டு மணி நேரம் பார்த்தால் கண் என்னத்துக்கு ஆகும் என்று அவருக்கு ஓர் ஆதங்கம். சட்டைப் பையில் நான்காக மடித்த வெள்ளைத் தாள் ஒன்று எப்போதும் இருக்கும். அதைப் பிரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பார். திரை தாளைவிடப் பளீரென்று இருந்தால் குறைப்பார், மங்கலாக இருந்தால் கூட்டுவார். இரண்டும் ஒன்றுபோல் தெரிய வேண்டும். எங்கள் கூடத்தில் அது பெரும்பாலும் நூற்றுக்கு முப்பதில் வந்து நிற்கும்.

"முப்பது போதும். கண்ணுக்கும் நல்லது, கரண்டும் மிச்சம்" என்பார். பிறகு நீலத்தைக் கொஞ்சம் தணிப்பார். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை தானாக அணைந்துவிடும்படி வைப்பார். திரையில் யாராவது மீன் நீந்துகிற படத்தை ஓடவிட்டிருந்தால் தொலைந்தார்கள். "மீன் நீந்தினா கரண்டு மிச்சமாகாதும்மா, திரை அணைஞ்சாத்தான் மிச்சம்" என்று ஒரு பாட்டம் பேசாமல் நகரமாட்டார்.

கேலி செய்தோமே தவிர, பலன் இருந்தது. மாலையானால் எனக்கு வருகிற தலைவலி அவர் புண்ணியத்தில்தான் நின்றது. நல்ல மனுஷர். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அக்கா வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், ஓர் ஒற்று தப்பாது. அழைப்பிதழ் வந்தால்கூட முதலில் பேனாவைத் தேடுவாள். அவளுடைய மானிட்டரும் முப்பதில்தான் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அவள் அதைக் கூட்ட ஆரம்பித்தாள். நாற்பது, பிறகு ஐம்பது. அத்தான் சாயங்காலம் வந்ததும் தாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு முப்பதுக்குக் குறைப்பார். மறுநாள் அவர் கிளம்பியதும் அவள் அறுபது வைப்பாள்.

"எழுத்து சரியாத் தெரியலைங்க."

"தெரியாம என்ன? இதோ தாள், இதோ திரை. ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"எனக்குப் பத்தலைங்க."

"கூட வச்சே பழகிட்டே, அதான். நாலு நாள் முப்பதுல வச்சுப் பாரு, சரியாயிடும்."

தாளும் திரையும் ஒன்றாகத்தான் இருந்தன, அவர் கண்ணுக்கு. அவளுடைய கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா? "அறுபத்திரண்டு பேருக்குச் சரியா இருக்கிறது உனக்கு மட்டும் பத்தாதாக்கா?" என்று அத்தான் பக்கம் சேர்ந்துகொண்டு சிரித்தேன். அவளும் சிரித்துவைத்தாள்.

திரையில் அம்புக்குறியைக் காணோம் என்று மவுஸை ஆட்டிக்கொண்டே இருப்பாள். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டாள். கால்மாட்டில் இருந்த வாளியைத் தட்டிவிட்டாள். "நினைப்பெல்லாம் எங்கே இருக்கு?" என்று கிண்டல் செய்தோம். வரிகளின் ஓரத்தில் வருகிற பிழைகள் மட்டும் தப்பிப் போகின்றன என்று ஒரு பதிப்பகத்திலிருந்து சொன்னார்கள். பிறகு அவர்கள் புத்தகம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். "வயசாச்சுல்ல" என்றாள் அக்கா. அவளுக்கு நாற்பத்தாறு வயது.

ஒருநாள் அத்தான் என் மேசைக்கு வந்தார். முகமெல்லாம் பல்.

"உங்க அக்கா வழிக்கு வந்துட்டா. ஒரு மாசமா முப்பதைத் தொடவே இல்லை, தெரியுமா?"

"ஜெயிச்சுட்டீங்க அத்தான்" என்றேன் நான்.

அந்த வாரம் சனிக்கிழமை அரைநாள் வேலை. அக்காவைப் பார்த்து நாளாயிற்றே என்று அத்தானோடு நானும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நல்ல வெயில். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா மவுஸின்மேல் கையை வைத்துக்கொண்டு மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் முதுகுப் பக்கம் வரும்படி மேசையைத் திருப்பிப் போட்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஆரம்பித்த அத்தான், பாதியில் நிறுத்திவிட்டார்.

திரை அணைந்திருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். கறுத்த கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் மட்டும் வெள்ளையாக, சதுரமாகக் கிடந்தது.

"என்னம்மா பண்றே?"

"படிச்சுக்கிட்டு இருக்கேங்க. இன்னும் ரெண்டு பக்கம்தான்."

அத்தான் பக்கத்தில் போய் அவள் முகத்துக்கு ஓரமாகக் கையை நீட்டினார். அவள் கண் அசையவில்லை.

"எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டார்.

"ரெண்டு மாசமா எழுத்தே தெரியலைங்க. சொன்னா திரும்பவும் முப்பதுன்னுதான் சொல்லுவீங்க. எனக்கும் பயமா இருந்துச்சு."

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பை அரித்துவிட்டது என்றார் கண் மருத்துவர். வலிக்காதாம். முதலில் ஓரங்கள்தான் போகுமாம். போனது போனதுதான். இடது கண் முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு துளி மிச்சம், சொட்டு மருந்து விட்டு அதையாவது காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். வெளிச்சத்தைக் குறைத்ததால் வந்ததா என்று அத்தான் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றுதான் பதில் வந்தது. பிறகு மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெளிச்சம் பத்தலைன்னு இவங்க முன்னாடியே சொல்லலையா? அப்பவே வந்திருந்தா நிறைய மிச்சம் பிடிச்சிருக்கலாமே."

அத்தான் தரையைப் பார்த்தார். நானும் தரையைத்தான் பார்த்தேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"இல்லைங்க டாக்டர். நான் சொல்லவே இல்லை."

அதைக் கேட்ட பிறகு அந்த மனுஷரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தான் வேலைக்குத் திரும்பியபோது சட்டைப் பையில் தாள் இல்லை. ஒவ்வொரு மேசையாக வந்து, "உங்களுக்கு எவ்வளவு இருந்தா சரியாத் தெரியுது?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன அளவிலேயே வைத்தார். யாராவது பத்தவில்லை என்றால் போதும், கண் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிடும்வரை அந்த இடத்தை விட்டு நகரமாட்டார். இப்போது அவரை யாரும் முப்பது என்று கூப்பிடுவதில்லை.

வீட்டில் அக்காவின் மானிட்டர் நூறில் இருக்கிறது. அணையவே கூடாது என்று வைத்திருக்கிறார். கரண்டை மிச்சம் பிடித்தவர் வீட்டில் அந்தத் திரை யாரும் பார்க்காமல் பகல் முழுக்க எரிகிறது. தினமும் காலையில் சொட்டு மருந்து விட்டதும் அக்காவை அதற்கு முன்னால் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, "தெரியுதா?" என்று கேட்பார். "லேசாத் தெரியுது" என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்றைய பொழுதை ஓட்டுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நானும் அங்கே இருந்தேன். அவர் வழக்கம்போலக் கேட்டார்.

"ரொம்பக் கூசுதுங்க" என்றாள் அக்கா. "கொஞ்சம் குறைங்களேன்."

"கூசுதா? நிஜமாவா?"

ஒரு வருடமாக அவரிடம் நான் கேட்காத குரல் அது. குனிந்து பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். "எண்பது... சரியா இருக்கா? எழுபது..." இன்னும், இன்னும் என்றாள் அவள். ஐம்பது, நாற்பது என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனார். கண்ணீர் மூக்கு நுனிவரை வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"முப்பது" என்றார்.

"ம்... முப்பது போதுங்க."

அவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். சுழல் நாற்காலி எப்போது திரும்பியதோ, ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு துளிப் பார்வையும் எப்போது போனது என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. திரை அவளுக்குப் பின்னால் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.