நாற்றம் காக்கும் சாலை

"இருபத்தேழு... இருபத்தெட்டு..." ஹெல்மெட்டுக்குள் உதடு மட்டும் அசைய, லிஃப்ட் மெக்கானிக் எண்ணிக்கொண்டே போகிறார். எண்ணுவது கிளட்ச்சை. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் இடது கை அதை எத்தனை முறை பிடித்தது என்பதை வைத்துத்தான் ஒரு பாதைக்கு மதிப்பெண் போடுவார். சந்தை வழி நூற்றுப் பதினாறு. பள்ளிக்கூட வழி தொண்ணூறு. பள்ளி விடும் நேரமென்றால் எண்ணிக்கையே கிடையாது. எண்ணுவது யார் காதிலும் விழாது என்று நினைப்பு.

வயது ஐம்பத்திரண்டு. கம்பெனி அவரை இந்த நெரிசலுக்கு மாற்றி எட்டு மாதமாகிறது. பழைய ஊரில் பதினாலு லிஃப்ட், ஒரு மலைச்சாலை. இங்கே முந்நூறு லிஃப்ட். சாலை என்பது வண்டிகளுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடம். "நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வர்றவன் நான். ஒரு நாளாவது பக்கவாட்டுல போக வேணாமா?" என்பார்.

அதற்காக ஞாயிறுதோறும் பாதை தேடினார். வரைபடத்தை நம்பவில்லை, மூக்கை நம்பினார். ஜனம் மூக்கைப் பொத்துகிற இடத்தில்தான் சாலை காலியாக இருக்கும் என்பது அவர் கண்டுபிடிப்பு. குப்பைக் கிடங்கின் பின்பக்கம், பிணவறைச் சுற்றுச்சுவர், தோல் கிடங்குச் சந்து என்று ஓட்டிப் பார்த்துக் கழித்துக்கட்டினார். கடைசியில் அகப்பட்டது கழிவுநீர்க் கால்வாய்க் கரை. இரண்டு கிலோமீட்டர், ஏழு வளைவு, ஒரு வேகத்தடைகூடக் கிடையாது. நாலாவது கியரில் போட்டுவிட்டால் கிளட்ச்சைத் தொடவே வேண்டாம்.

"நாத்தம்தான் இந்த ரோட்டுக்கு வாட்ச்மேன்," என்று பெருமையடித்துக்கொண்டார்.

"அந்த வாட்ச்மேனைக் கொஞ்சம் குளிச்சிட்டு வரச் சொல்லுங்க," என்றார் பின்னால் கைக்குட்டையும் மூக்குமாக உட்கார்ந்திருந்த மனைவி.

கிளட்ச்சை எண்ண ஆரம்பித்தது, இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போன பிறகு. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது. "இருக்கிற பலத்தைக் காப்பாத்தலாம், போனது திரும்பாது," என்றார் டாக்டர். டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டை மெக்கானிக் கருவிப் பெட்டியின் அடியில் வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மனைவி தையற்காரர். ஒரு நாள் கணவரின் வேலைச் சட்டைகளில் இருந்த பொத்தான்களையெல்லாம் எடுத்துவிட்டு, அழுத்தினால் மூடிக்கொள்ளும் பட்டன்களை வைத்திருந்தார். "இப்பல்லாம் இதான் வருது," என்றார். மெக்கானிக்கும் அதற்குமேல் கேட்கவில்லை.

மனைவியின் தம்பிக்கு விஷயம் தெரியாது. "மாமா, கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்குங்க. முறுக்கினா போகும்."

"அது வண்டியா மச்சான்? சக்கரம் வச்ச நாற்காலி." சொன்னவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

போன வியாழக்கிழமை, பதினோராம் மாடியில் ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. நழுவியது அவருக்குத் தெரியவில்லை. அடியில் லிஃப்ட் குழிக்குள் எழுந்த சத்தம்தான் சொன்னது. கூட வேலை செய்பவர் மூச்சிரைக்க மேலே வந்தார்.

"ரெண்டு நிமிஷம் முந்தி அங்கதான் குனிஞ்சு நின்னேன் அண்ணே." பார்வை மெக்கானிக்கின் இடது கைக்குப் போனது. "திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட கையைப் பத்தி நீங்களே சொல்லிடுங்க. என்னைச் சொல்ல வைக்காதீங்க."

மெக்கானிக் தலையாட்டினார். சொன்னால் லிஃப்ட் வேலை போகும். கூடவே கம்பெனி கொடுத்த இந்த வண்டியும் போகும்.

ஞாயிறு மாலை வண்டியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார். இடது கை கிளட்ச்சை எட்டியது; விரல் மடங்கவில்லை. வலது கையால் பக்கக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மனைவி இடப்பக்கம் வந்து நின்றார்.

"உங்ககூட வேலை செய்யறவரு போன் பண்ணினாரு."

"சொல்லிட்டானா?"

"ம். நாளைக்குத்தானே?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து கிளட்ச்சின் மேல் மடக்கி வைத்தார். தன் கையால் அந்தக் கையை மூடி, கிளட்ச் முழுதாக உள்ளே போகும்வரை அழுத்தினார்.

"ஒண்ணு," என்றார்.