பொட்டாசியம் 3.6

ராயபுரத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் லேபில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். இது நடந்தபோது ஜெசிந்தா லேபில் சேர்ந்து எட்டு மாதம்தான். ஒரே குத்தில் ரத்தம் எடுப்பாள். வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அந்தப் பொண்ணு இல்லியா?" என்பார்கள். ஒரு வாரத்தில் பதினேழு பேர் கேட்டார்கள். குறித்து வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.20. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் அந்தோணியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாகப் பேதி; காலைத் தூக்க முடியவில்லை. அவர் மனைவியும் ஜெசிந்தாவைத்தான் தேடினாள்.

"நானே எடுக்கறேம்மா."

"பாத்து குத்து நைனா. அது ஏற்கெனவே பேஜாரா கீது."

ரத்தக்குழாய் சிக்கவில்லை. கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, விரல்களை மூடித் திறக்கச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்; அவள் முன் பட்டையை அவிழ்த்து மறுபடி தொடங்க எனக்கு மனம் வரவில்லை. மூன்றாவது குத்தில் கிடைத்தது.

பொட்டாசியம் 3.6. நார்மல். டாக்டர், "வீட்டுக்குப் போகட்டும். நாளைக்கு நரம்பு டாக்டரைப் பார்க்கட்டும்" என்றார்.

ஜெசிந்தா என் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, பட்டைய எவ்ளோ நேரம் கட்டியிருந்தீங்க?"

"ஒரு நிமிஷம்."

"நாலு நிமிஷம்ண்ணே. கையையும் மூடி மூடித் திறக்க வச்சீங்க."

எனக்குத் தெரியாததல்ல. நரம்பு இடும் கட்டளைக்குத் தசை அசைய, பொட்டாசியம் சரியான அளவில் இருக்க வேண்டும். பேதியில் அது வெளியேறினால் தசை தளரும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். கட்டிய கையை மூடித் திறந்தால், தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து அந்தக் கையின் ரத்தத்தில் மட்டும் கூடும். நான் அளந்தது அந்தக் கசிவைத்தான். அவள் டாக்டரிடம் போய் என்னைக் காட்டிக்கொடுக்காமல் என்னிடமே வந்தது எனக்கு இன்னும் எரிந்தது.

வாசலில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். "இறக்குங்க. நான் ரத்தம் எடுத்தது தப்பு."

"இன்னாய்யா, மனுசன வச்சி வெளயாடிகினு கீறியா?" என்றாள் மனைவி.

ஜெசிந்தா பட்டை கட்டாமலே எடுத்தாள். 2.3. இ.சி.ஜி.யிலும் மாறுதல் தெரிந்தது. உடனே அட்மிட் செய்து, மெதுவாகப் பொட்டாசியம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்தோணி நடந்தே லேபுக்கு வந்து ஜெசிந்தாவைக் கும்பிட்டார். என்னைப் பார்த்து, "நீ மிஷினோட நின்னுக்க நைனா" என்றார்.

பொறாமை இன்னும் போகவில்லை. புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு நிமிடம் தாண்டினால் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். யார் பார்த்துக்கொண்டிருந்தாலும்.